கன்ட்ரோலர் மாற்றிய பிறகு பச்சை விளக்கை நம்பாதீர்கள்

எங்கள் ஸ்டோரேஜ் பெட்டியில் (பல கம்ப்யூட்டர்களின் டேட்டாவை ஒரே இடத்தில் வைக்கும் கருவி) கன்ட்ரோலர் போர்டு, அதாவது டிஸ்க்குகளை நடத்தும் மூளை, மாற்றிய செய்தி தெரிந்து, "இந்த ஸ்டோரேஜ் பெட்டியை வாங்கலாமா?" என்று காட்பாடி நண்பர் கேட்டார். வேகம், கொள்ளளவு எல்லாம் அவருக்கே தெரியும். எனவே ரிப்பேருக்குப் பிறகு அது நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பாராட்டு. ஒரு கன்ட்ரோலர் படுத்ததும் ஜோடி கன்ட்ரோலர் அதன் டிஸ்க்குகளையும் ஐபி முகவரிகளையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. பில் போடுகிறவருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் இரண்டும் சாதாரண நாளில் பாதிச் சுமைக்குள் ஓடினால்தான் இந்தச் சுகம்.

ஜோடி ஏற்றுக்கொண்ட டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுப்பதுதான் கிவ்பேக். அது தானாக நடக்காதபடி, வேலையைத் தொடங்கும் முன் ஆட்டோ கிவ்பேக்கை அணைத்துவிடுங்கள். பழைய கன்ட்ரோலரில் என்விரேம் (டிஸ்க்குக்குப் போகும் முன் டேட்டா தங்கும் மெமரி) விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் கை வைக்கக் கூடாது; டிஸ்க்குக்குப் போகாத டேட்டா அப்போதுதான் ஃபிளாஷில் இறங்குகிறது. விளக்கு அணைந்த பிறகு கழற்றி, பேட்டரி, மெமரி, பூட் மீடியா (கன்ட்ரோலரைக் கிளப்பும் மென்பொருள் இருக்கும் சின்ன டிரைவ்), எஸ்எஃப்பி (கேபிள் செருகும் மாட்யூல்) அத்தனையையும் அதே இடத்தில் புதுப் போர்டுக்கு மாற்ற வேண்டும். பார்ட் கைக்கு வரும்வரை பழையதை உருவாதீர்கள். காலி ஸ்லாட் வழியாகக் காற்று தப்பினால், வேலூர் கத்திரி வெயிலில் மிச்சமிருக்கும் கன்ட்ரோலரும் சூடேறிவிடும்.

புதுப் போர்டு கிளம்பும்போது முதலில் வரும் பூட் லோடர் திரையில் நேரத்தை ஜிஎம்டியில் கொடுக்க வேண்டும். நம் நேரத்தை அப்படியே அடித்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். விண்டோஸ் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாகப் பொறுக்கும் நேர வித்தியாசம் வெறும் 5 நிமிடம், விண்டோஸ் ஷேர்கள் லாகின் ஆகாது. போர்டு புதிது என்பதால் சிஸ்டம் ஐடி (ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் உள்ள அடையாள எண்) பொருந்தவில்லை என்று கேட்கும், 'ஒய்' கொடுங்கள். டிஸ்க்குகள் புது ஐடிக்கு மாறிவிட்டதை ஜோடியிலிருந்து பார்த்துவிட்டு கிவ்பேக் செய்யுங்கள்.

என் எரிச்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கிவ்பேக் முடிந்தது, எல்லா விளக்கும் பச்சை, இன்ஜினியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஐபி முகவரிகளோ இன்னும் ஜோடியின் போர்ட்டிலேயே உட்கார்ந்திருக்கும்! முகவரியைச் சொந்தப் போர்ட்டுக்குத் தானாகத் திருப்பும் ஆட்டோ ரிவர்ட் அணைந்த நிலையிலேயே வருகிறது. டிஸ்க் ஒரு கன்ட்ரோலரில், முகவரி இன்னொன்றில். ஒவ்வொரு ரீடும் நடுவில் உள்ள இணைப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். பிழை என்று எதுவும் வராது, வேகம் மட்டும் மந்தமாகும். நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பட்டியலில் 'ஈஸ் ஹோம்' (சொந்த இடத்தில் இருக்கிறதா) என்ற பத்தியில் 'ஃபால்ஸ்' இருக்கும் ஒவ்வொன்றையும் கையால் ரிவர்ட் செய்ய வேண்டும். இதற்கு ஓர் எச்சரிக்கை மெயில்கூட அனுப்பாதது அநியாயம்.

கூடவே, அணைத்த ஆட்டோ கிவ்பேக்கைத் திரும்பப் போடுங்கள். பழைய போர்டின் சீரியல் எண்ணோடு கட்டிய லைசென்ஸுக்கு 90 நாள் அவகாசம். அதற்குள் புதுக் கீ வாங்கிப் போட்டாக வேண்டும்.

பெட்டி நல்ல பெட்டிதான், டேட்டா ஒரு பைட்டும் போகவில்லை. ஆனாலும் காட்பாடி நண்பருக்கு என் பதில், வேண்டாம். ரிவர்ட் அடிக்கத் தெரிந்த ஆள் அவர் ஆபீஸில் இல்லை.