பழைய டாடா 1613 லாரிக்கு இன்ஜின் வேலை செய்வதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா?

நாமக்கல் பக்கம் ஓடும் எங்கள் டாடா 1613, 2009 மாடல். கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. ஆயில் குடிக்க ஆரம்பித்தது, பேக் கம்ப்ரஷன் தள்ளியது (எரிந்த புகை பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குவது), லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் இழுவை இல்லை. இனி இன்ஜினை இறக்காமல் ஓட்ட முடியாது என்றான பிறகு, அதே இன்ஜினுக்கு முழு வேலை செய்து ஏற்றினோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. இருக்கும் இன்ஜினைப் பிரித்துப் போர் அடித்து (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி), கிராங்க் கிரைண்டிங் செய்து (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சரிசெய்து), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போடுவது ஒன்று. உடைத்த வண்டியிலிருந்து செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கி ஏற்றுவது இன்னொன்று. பழையதைக் கொடுத்துவிட்டு, கம்பெனி ரீகண்டிஷன் செய்த இன்ஜினை எக்ஸ்சேஞ்சில் வாங்குவது மூன்றாவது.

நாள் கணக்கில் பார்த்தால் செகண்ட் ஹேண்ட் இன்ஜினை மிஞ்ச முடியாது. எல்லாம் கைக்குக் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். முழு வேலை என்றால் போரிங் பட்டறை, லேத், பம்ப் சர்வீஸ், சாமான் கடை என்று அலைந்து எப்படியும் இரண்டு வாரம் ஓடிவிடும். டியூ கட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை. எக்ஸ்சேஞ்ச் இன்ஜின் சீக்கிரமும் வரும், வாரண்டியும் உண்டு, ஆனால் கையைக் கடிக்கும். இதெல்லாம் பட்டறை வாசலில் நிற்கும் யாரும் சொல்லக்கூடியதுதான்.

அவர்கள் அதிகம் பேசாதது பிளாக்கைப் பற்றி, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடலைப் பற்றி. இந்த 5.9 இன்ஜினில் லைனர், அதாவது கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் குழாய், கிடையாது. பிஸ்டன் நேராகப் பிளாக்கிலேயே ஓடும். ஸ்டாண்டர்டு போர் 102 மில்லிமீட்டர். தேய்ந்தால் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ், அடுத்து 1.00, அவ்வளவுதான். அதற்கு மேல் பிளாக்கைக் குடைந்து ஸ்லீவ் என்கிற குழாயை இறக்க வேண்டும். ஆக ஒரு பிளாக் இரண்டு முறைதான் போர் தாங்கும். நம் வண்டியில் எத்தனை முடிந்தது என்று நமக்குத் தெரியும். எங்களுடையது கம்பெனி போரிலேயே இருந்ததால் 0.50-இல் முடிந்தது, இன்னொரு முறையும் பாக்கி இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் இன்ஜினில் இதைத் தெரிந்துகொள்ள ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் உள்ள சைஸைப் பார்க்க வேண்டும். விற்கிறவர் ஸ்டார்ட் செய்து காட்டுவார், ஹெட்டைத் திறக்க ஒப்புக்கொள்ள மாட்டார். ஆயில் மாற்றி வைத்த இன்ஜின் பத்து நிமிடம் நன்றாகத்தான் ஓடும். கிராங்கும் அப்படித்தான். 0.25, 0.50 என்று கிரைண்டிங் இறங்கிக்கொண்டே போகும். கடைசி சைஸுக்கு வந்த கிராங்கை வாங்கினால் அடுத்த முறை கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

முழு வேலையில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த இன்ஜின் வகையில் முன்பக்கக் கியர்கள் இருக்கும் டைமிங் கேசுக்குள் டவல் பின் என்று ஒரு சின்ன இரும்பு முளை இருக்கிறது. வருடக்கணக்கான அதிர்வில் அது நழுவி கியருக்குள் விழுந்தால் முன்பக்கம் நாசம். வெளிநாடுகளிலும் பேர்போன வியாதி இது. முன் கவரைத் திறக்கும்போதே ஒரு தகடு வைத்துப் போல்ட் போட்டு அதை அடைத்துவிடலாம்.

இவ்வளவையும் ஒருவர் பணத்தால் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். எங்களை உண்மையில் முடிவெடுக்க வைத்தது ஆர்.சி. புக்கில் இருக்கும் இன்ஜின் நம்பர்.

அந்த நம்பர் பிளாக்கோடு சேர்ந்தது. பிளாக் மாறினால் நம்பரும் மாறும். மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு செய்த அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் வேண்டும். அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியிலும் நம்பரை மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் முதலில் கேட்பது இன்ஜின் வாங்கிய பில். உடைத்த வண்டி இன்ஜினுக்கு ஒழுங்கான பில், அது கழன்று வந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான தாள் எல்லாம் கிடைப்பது அபூர்வம். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்த இன்ஜின் திருட்டு வண்டியில் இருந்ததாக இருந்தால், பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப்போவது நாம்தான்.

"யாருங்க இன்ஜின் நம்பரைப் பாக்கறாங்க, சேசிஸ் நம்பர்தான் முக்கியம்" என்பார்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும். ஒரு வருடம் தப்பலாம், அடுத்த வருடம் வண்டியைச் சோதிக்க வேறு பிரேக் இன்ஸ்பெக்டர் இருப்பார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இந்த இரண்டு நம்பரைத்தான். விற்கும்போது கேட்கவே வேண்டாம். பழைய லாரி வாங்க வருகிறவர் இன்ஜினில் கிரீஸைத் துடைத்து நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பேரம் பழைய இரும்பு விலைக்கு இறங்கிவிடும். அதே ஆள், நம்பர் சரியாக இருந்து போரிங் பட்டறை பில்லும் சாமான் பில்லும் கையில் இருந்தால், விலை பேசும் தோரணையே வேறு.

கம்பெனி எக்ஸ்சேஞ்ச் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை குறைவு, பில் சுத்தமாக இருக்கும். ஆனால் அதற்குக் கொட்டும் பணத்தை எடுக்க வண்டிக்கு ஓட்டம் வேண்டுமே. புது இன்ஜின் போட்டாலும் வண்டிக்கு வயசு குறையாது. இரண்டு ஆக்சில் லாரிக்கு 12 வருடத்துக்கு மேல் நேஷனல் பெர்மிட் கிடையாது, மல்டி ஆக்சில் என்றால் 15. எங்கள் 1613 வடக்கே போன காலம் முடிந்துவிட்டது. இப்போது பெரம்பலூர் பக்கமிருந்து மக்காச்சோளம் ஏற்றிவந்து தீவன மில்லில் இறக்குகிற வேலைதான். அந்த வாடகையில் எக்ஸ்சேஞ்ச் இன்ஜின் காசைத் திரும்ப எடுப்பதற்குள் கேபினும் சேசிஸும் முடிந்துவிடும். ஏழெட்டு வருட வண்டி, இன்னும் லாங் ஓடுகிறது என்றால் கணக்கு வேறு. அங்கே நானே எக்ஸ்சேஞ்ச் பக்கம் யோசிப்பேன்.

முழு வேலையில் பயம் இல்லாமல் இல்லை. எல்லாம் போரிங் பட்டறை கையில். அளவெடுக்கும்போது கூடவே நிற்பது நல்லது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகுதான் போர் அடிக்க வேண்டும். கிராங்க் கிரைண்டிங்கில் ஓரத்து வளைவைச் சரியாக விடாமல் கூர்மையாக வெட்டிவிட்டால் பிற்பாடு கிராங்க் அங்கேதான் உடையும். வேலை முடிந்ததும் முதல் கொஞ்ச நாள் அரை லோடு, பிறகு ஆயில் மாற்றம். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவருக்கு நான் சொல்லும் வழி ஒத்துவராது.

கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் இந்த வாதமே கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் பிளாக் விரிசல் விட்டாலும் அப்படித்தான். அந்த நிலையில் செகண்ட் ஹேண்ட் எடுப்பவர், ஆர்.சி.யை முறையாக ரத்து செய்து உடைத்த வண்டியின் இன்ஜினை, அந்தத் தாள்களின் நகலோடு மட்டும் வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

நான் சொன்னது முழுக்க 2017 ஏப்ரலுக்கு முந்தைய பி.எஸ். 2, பி.எஸ். 3 வண்டிகளுக்கு (பி.எஸ். என்பது புகை மாசு அளவு விதி), அதாவது சாதாரண பம்பும் நாசிலும் உள்ள இன்ஜினுக்கு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டியில் இசியூ, காமன் ரெயில், யூரியா என்று சமாச்சாரமே வேறு. அதில் நாங்கள் கை வைத்ததில்லை, அதனால் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.