நாய்க்குப் புது வீடு தேடும்போது: காப்பகமா, போர்டிங்கா, ஃபாஸ்டர் வீடா?

வளர்த்தவர்களே "இனி எங்களால் முடியாது" என்று ஒப்படைத்த இரண்டு நாய்களுக்குச் சென்னையில் வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். முதல் நாயை போர்டிங்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டுவிட்டு ஆள் தேடினேன். இரண்டாவது, சீசர் என்ற 4 வயது லாப்ரடார். அவனை மடிப்பாக்கத்தில் ஒரு ஃபாஸ்டர் வீட்டில், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் வீட்டில், வைத்திருந்தோம். இப்போது யார் கேட்டாலும் ஃபாஸ்டர் வீட்டைத்தான் சொல்கிறேன்.

காப்பகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற விலங்கு நல அமைப்பு 1959-இல் சென்னையில்தான் தொடங்கியது. அடிபட்டுத் தெருவில் கிடக்கும் நாய்க்கு அப்படிப்பட்ட இடங்களை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் சோபாவில் தூங்கிப் பழகிய நாய், நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில் மூலையில் ஒடுங்கிவிடும், இல்லையென்றால் கம்பியில் மோதிக் குரைக்கும். பார்க்க வருபவர்களுக்கு அதன் உண்மையான குணம் தெரியாது. ஊசி முழுதாகப் போடாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் வேறு. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும்.

போர்டிங்கில் காசு கொடுத்தால் உடனே இடம் கிடைக்கும். நாளைக்கு 600 ரூபாய் வீதம் மூன்று வாரம் கட்டினேன். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். "ரொம்ப சமத்து, சத்தமே போடாது" என்றார்கள். கூண்டில் இருந்தவரை அது உண்மைதான். தத்தெடுத்த வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதும் அது ஊளையிட ஆரம்பித்து, கதவைப் பிறாண்டி நகம் பிய்ந்துபோனது. ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அந்தக் குடும்பத்தின் மேல் தப்பே இல்லை. தனியாக இருக்குமா என்று அவர்கள் முதல் நாளே கேட்டார்கள், என்னிடம்தான் பதில் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான்: நாய் ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்பதை, வேறொரு வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய சொந்தக்காரர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, பழகிப்போன விஷயம் அவர் கண்ணுக்கே படாது. சீசரைக் கொடுத்தவர் "குழந்தை மாதிரி" என்றார். ஃபாஸ்டர் வீட்டில் முதல் நாலு நாள் அவன் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். இரண்டாவது வாரம்தான் சாப்பாட்டுத் தட்டின் பக்கம் போனால் உறுமுகிறான் என்று தெரிந்தது. துடைப்பத்தைக் கண்டால் நடுங்கினான். மூன்றாவது வாரத்தில், நாலு மணி நேரம் தனியாக விட்டாலும் நிம்மதியாகத் தூங்குகிறான், பூனையைக் கண்டுகொள்வதே இல்லை, லிஃப்டில் மட்டும் ஏற மாட்டான் என்பதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. தவழும் குழந்தை இருந்த ஒரு நல்ல குடும்பத்துக்கு மறுத்துச் சொன்னோம். தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியிடம் போனான். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், சாப்பிட்டு முடித்து அவனே வந்த பிறகு எடுங்கள் என்று எழுதியே கொடுத்தோம். எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறான்.

சரி, ஃபாஸ்டர் வீடு கிடைப்பதுதான் கஷ்டம். சீசருக்கு இடம் கிடைக்கப் பதினோரு நாள் ஆனது, அதுவரை பழைய வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. செலவை ஃபாஸ்டர் வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். தீனி, ஊசி, உண்ணி மருந்து எல்லாவற்றையும் நாயை ஒப்படைப்பவரிடமே கேட்டு வாங்கினேன். கருத்தடையும் கைமாறும் முன்பே முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் குட்டி போடவைத்து விற்க நினைப்பவர்களும் "தத்து" என்று வருவார்கள்.

பழைய வீட்டிலிருந்து நேராகப் புது வீட்டுக்கு மாற்றுவதையும் சிலர் சொல்கிறார்கள். நாய்க்கு ஒரு இடமாற்றம் மிச்சம் என்பது நியாயமான பேச்சு. நான் செய்து பார்த்ததில்லை. கடித்த வரலாறு உள்ள நாயையும் நான் கையாண்டதில்லை. அப்படிப்பட்ட நாயைச் சாதாரண ஃபாஸ்டர் வீட்டுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வராது, முதலில் அனுபவமுள்ள பயிற்சியாளரிடம்தான் கூட்டிப்போவேன்.

அப்புறம், எந்த வழியானாலும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாயைக் கைமாற்றாதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குப் புது வீட்டின் வழி தெரியாது.