எச்4 ஹெட்லைட் பல்பு: வீட்டிலேயே மாற்றுவதும், நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிவதும்

ஆல்ட்டோ 800, பழைய வேகன்ஆர், பழைய ஸ்விஃப்ட், ஐ10 எல்லாவற்றுக்கும் ஒரே பல்புதான்: எச்4. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். தரநிலைப்படி 13.2 வோல்ட்டில் பிரைட் இழை சுமார் 1650 லூமன், டிம் இழை சுமார் 1000 லூமன் தர வேண்டும். இந்த வெளிச்சம் முழுதாகச் சாலையில் விழுந்தால் ஊர்ச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் தாராளமாகப் போதும். விழாமல் போவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமில்லை. ஹோல்டர், வயர், மஞ்சளடித்த முகப்பு, சரியாக உட்காராத பல்பு, இவற்றில் ஒன்றுதான் திருடன்.

மாற்றும் வேலைக்குக் கருவியே தேவையில்லை. விளக்கை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பல்பு ஆறக் கால் மணி நேரம் விடுங்கள். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் பின்னால் மூன்று வயர் போகும் கப்ளர் (ஹோல்டர்) தெரியும். வயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரின் உடம்பைப் பிடித்து, இடமும் வலமுமாக லேசாக அசைத்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். பல வருடம் கழற்றாததாக இருந்தால் இறுகியிருக்கும். அவசரப்பட்டால் தகடு வளையும். அடுத்து ரப்பர் மூடியை அதன் காதைப் பிடித்து உரித்தால் கம்பிக் கிளிப் தெரியும். கிளிப்பை உள்ளே அழுத்தி, பக்கவாட்டில் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். எந்த வழியாக விடுபட்டது என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியோ ஏர் ஃபில்டர் பெட்டியோ இருக்கும் பக்கத்தில் கை மட்டும்தான் நுழையும், கண் நுழையாது. அதனால் முதலில் இடம் தாராளமாக உள்ள பக்கத்தில் செய்து கைக்குப் பழக்கிவிட்டு, நெருக்கமான பக்கத்துக்குப் போவது நல்லது.

புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடி எரியும்போது 250 டிகிரிக்கு மேல் சூடாகும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் தனியாகச் சூடேறி, கண்ணாடி பால்நிறமாகி, பல்பு சீக்கிரம் உயிரை விடும். பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கை சானிடைசர் வேண்டாம். பலவற்றில் கிளிசரின் உண்டு, அதுவும் பிசுக்குதான். பல்பின் முனையில் இருக்கும் கருப்புப் பூச்சு தயாரிப்பிலேயே வருவது, எரிந்த கறையென்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது முக்கியமான கட்டம். பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் உண்டு. அகலமானது மேலே வர வேண்டும். மூன்றும் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு பல்பை விரலால் அசைத்தால் ஆடக் கூடாது. அதன் பிறகே கிளிப். அரைகுறையாக உட்கார்ந்த பல்பில் கிளிப் மாட்டினாலும் பல்பு எரியத்தான் செய்யும், ஆனால் டிம் இழைக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணம் இடம் மாறி வெளிச்சம் மேலே சிதறும். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் உங்களுக்கு விளக்கடித்துக் காட்டுவார்கள்.

ரப்பர் மூடியைச் சுற்றிலும் அழுத்தி மூடுங்கள். இதை அலட்சியமாக விட்ட காரில், ஈரம் புகுந்து, ஓரிரண்டு மழைக்காலம் போனதும் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைச் சாலைக்குத் திருப்பும் பளபளப்பான கிண்ணம்) மங்கிவிடும். பல்பு சில நூறு ரூபாய். ரிஃப்ளெக்டர் மங்கினால் ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

பல்பைக் கழற்றும் நேரத்திலேயே கப்ளரின் உட்பக்கத்தையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ உருகியிருந்தாலோ அங்கே தொடர்பு தளர்ந்து சூடாகிறது என்று பொருள். புதுப் பல்பு போட்டும் பயனில்லை. அந்தக் கப்ளருக்குப் பதில் செராமிக் ஹோல்டர் வாங்கி, வயரை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (இணைப்பு உலோகத்தை வயர்மேல் நசுக்கி இறுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் உறை) போடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை. எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி முனைகளில் ஒரு அளவு. கப்ளரின் பின்பக்கமாக முள்ளைச் செருகி, பல்புக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஒரு அளவு. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாததால் வீழ்ச்சியே தெரியாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்பில் 12.6 மட்டும் வந்தால் இழப்பு பத்து சதவீதம்தான், ஆனால் வெளிச்ச இழப்பு முப்பது சதவீதத்தை ஒட்டி வரும். ஹாலஜனின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறுவதால் இப்படி. அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே (சுவிட்சின் சிறு கரண்டை வைத்து, பேட்டரியின் பெரிய கரண்டை நேராகப் பல்புக்கு விடும் மின் சுவிட்ச்) போடலாம்: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டும் 30 ஆம்ப். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய பாடியில் இறுக்க வேண்டும். இந்த வேலை தரும் மாற்றத்தை எந்த விலையுயர்ந்த பல்பும் தந்ததில்லை.

பல்பு வகைகளைப் பொறுத்தவரை, பிலிப்ஸ், ஓஸ்ராம் சாதா 60/55 தான் அன்றாட ஓட்டத்துக்கு நம் தேர்வு. "130 சதவீதம் கூடுதல்" என்று எழுதிய பெட்டிகளும் அதே வாட்தான். இழையைக் குறுக்கி, இன்னும் சூடாக எரிய வைப்பதால் நெருக்கமான, வெண்மையான வெளிச்சம் வரும், அதற்கு விலையாக ஆயுள் குறையும். இரவு நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமென்றால் வாங்கலாம். நீலப் பூச்சுப் பல்பு வேண்டவே வேண்டாம்; இருக்கும் வெளிச்சத்தை வடிகட்டி நிறம் காட்டுகிறது, நனைந்த தார்ச் சாலையில் அதன் குறை அப்பட்டமாகத் தெரியும். 100/90 வாட் போட்டால் முதல் வாரம் மகிழ்ச்சிதான். கம்பெனி வயரில் ஓடினால் கப்ளர் உருகுவது, ரிஃப்ளெக்டரின் பூச்சு வெந்துபோவது என்று பின்னால் வரிசையாக வரும்.

எல்இடி மாற்றுப் பல்பில் இழை இருக்க வேண்டிய புள்ளியில் சிப் துல்லியமாக இல்லாவிட்டால் ரிஃப்ளெக்டரின் கணக்கே தவறிவிடும். காருக்கு முன்னால் பளிச்சென்றும் தூரத்தில் குறைவாகவும் இருக்கும். பின்னால் உள்ள விசிறி ரப்பர் மூடியை மூடவும் விடாது. ஜெர்மனியில் 2020-ல் ஓஸ்ராமின் எச்7 எல்இடி பல்புக்கு அனுமதி தந்தபோதுகூட, சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும்தான் தந்தார்கள்.

மாற்றி முடித்ததும் சமதளத்தில் சுவருக்கு ஒட்டிக் காரை நிறுத்தி, பல்பின் மையத்து உயரத்தைச் சுவரில் குறித்து, 5 மீட்டர் பின்னால் எடுங்கள். ஹெட்லைட் உயரத்தை மாற்றும் லெவல் திருகு பூஜ்யத்தில், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். டிம்மின் வெட்டுக்கோடு (வெளிச்சம் மேலே முடியும் கோடு) குறியிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழுந்து, இடப்பக்கம் சற்று ஏற வேண்டும். பல்பு மட்டும் மாற்றிய காரில் இது பெரிதாக மாறாது. மாறியிருந்தால் ஃபோகஸ் ஸ்குரூவைத் தொடாதீர்கள். பல்பைக் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள்.

ஒரு பக்கம் டிம் மட்டும் போனால் இழை அறுந்தது, அதுதான் அதிகம் எரிவதால் முதலில் போகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனால் பல்பு வாங்குவதற்கு முன் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் பாருங்கள். பல்புகள் அடிக்கடி போனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி மின்னழுத்தம் 14.8-ஐத் தாண்டுகிறதா என்று அளக்கவும். ஐந்து சதவீதம் கூடினாலே ஹாலஜன் ஆயுள் பாதியாகிவிடும்.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒன்று மங்கல், ஒன்று பளிச். எரிந்துகொண்டிருந்த பழைய பல்பைப் புதுப் பல்பு வந்த பெட்டியிலேயே வைத்து டேஷ்போர்டு அறையில் போட்டுவையுங்கள். இரவில் வழியில் ஒன்று போனால் அந்தப் பல்பும் கைபேசி டார்ச்சும் போதும்.