அகலச் சாலையா, தனி பஸ் தடமா, ரயிலா? பெரிய தீம் பார்க்குகளைச் சுற்றி எது நெரிசலைக் குறைக்கிறது

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறந்தது. அன்று காலை சான்டா ஆனா ஃப்ரீவேயில் சுமார் 7 மைல் தூரத்துக்குக் கார்கள் வரிசைகட்டி நின்றன. அதற்குப் பிறகு எத்தனையோ தீம் பார்க்குகள் உலகெங்கும் வந்துவிட்டன. திறப்பு நாளுக்கு முன் எல்லா இடத்திலும் எழும் கேள்வி மட்டும் அதேதான்: இத்தனை பேரும் எந்த வழியாக வந்து சேரப்போகிறார்கள்?

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் ஐந்தாறு இருக்கின்றன. சாலையை அகலப்படுத்துவது, நெடுஞ்சாலையிலிருந்து பார்க்கிங்குக்கே நேராக மேம்பாலம் இறக்குவது, பஸ்ஸுக்குத் தனித் தடம் ஒதுக்குவது, ரோப் கார், மோனோ ரயில், அப்புறம் முழு ரயில் நிலையம். இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பதால், ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டை நடுவில் வைத்து ஒப்பிடுகிறேன். தேவைப்படும் இடத்தில் மற்ற பார்க்குகளுக்கும் போய்வரலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தீம் பார்க் போக்குவரத்து, அலுவலக நேரத்துப் போக்குவரத்து மாதிரி கிடையாது. காலையில் கதவு திறக்கும் நேரத்தை ஒட்டி எல்லோரும் வருகிறார்கள். இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. ஓட்டுபவர்களில் பலருக்கு அந்தச் சாலை புதிது. கடைசி நொடியில் பலகையைப் பார்த்துவிட்டுத் தடம் மாறுவார்கள், அதிலேயே பின்னால் வருபவர்கள் பிரேக் போடுவார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டதால், நெரிசலைப் பார்த்து யாரும் திரும்பிப் போகவும் மாட்டார்கள். டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் மேஜிக் கிங்டம் என்ற ஒரு பார்க்குக்கு மட்டும் 2023-ல் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்றால், இந்தக் காலை, இரவு நெருக்கடி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அகலப்படுத்துவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். வரைபடத்தில் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் நெரிசலின் முடிச்சு பெரும்பாலும் சாலையின் நடுவில் இருப்பதில்லை. சிக்னலிலும் பார்க்கிங் கட்டணச் சாவடியிலும்தான் இருக்கிறது. சாவடியில் நிமிடத்துக்கு இத்தனை கார்தான் போக முடியும் என்றால், அதற்கு முன்னால் மூன்று தடம் இருந்தாலும் ஐந்து தடம் இருந்தாலும் உள்ளே போகும் எண்ணிக்கை மாறாது. வரிசை கொஞ்சம் குட்டையாகவும் அகலமாகவும் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர்கள் ஜில் டுரான்டனும் மேத்யூ டர்னரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரமும் கூடுவதாகக் காட்டியது. சுற்றுலாப் பகுதியில் இது இன்னும் எளிதாக நடக்கும். சாலை சௌகரியமானால் தொலைவில் மலிவான விடுதி எடுத்துக்கொண்டு காரில் வரலாம் என்று குடும்பங்கள் முடிவு செய்யும்.

சரி, அப்படியானால் டிஸ்னி வேர்ல்டில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் அருகே பியூனா விஸ்டா டிரைவ் சாலையை அகலப்படுத்தியது வீண் வேலையா? இல்லை. அந்தக் கடைவீதிப் பகுதி 2015-ல் பழைய பெயரை மாற்றிக்கொண்டு விரிவடைந்தபோது சாலையும் விரிந்தது. ஆனால் அங்கே பலன் தந்தது கூடுதல் தார் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள். எதிரே விடுதிகளிலிருந்து நடந்து வருபவர்களுக்கு நடைமேம்பாலம் கட்டினார்கள். ஆட்கள் மேலே போய்விட்டால், கீழே சிக்னல் அவர்களுக்காக நிற்க வேண்டியதில்லை. பாதசாரிக்கும் பயமில்லை, காருக்கும் பச்சை விளக்கு கூடுதலாகக் கிடைக்கும். நடைமேம்பாலம் என்றாலே நடப்பவர்களுக்கான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். சாலையின் கொள்ளளவைக் கூட்டும் மலிவான வழியும் அதுதான்.

நேராக பார்க்கிங்குக்குள் இறங்கும் மேம்பாலம்

அதே டிஸ்னி ஸ்பிரிங்ஸில் இன்டர்ஸ்டேட் 4 நெடுஞ்சாலையின் மேற்கு நோக்கிய பக்கத்திலிருந்து லைம் என்ற அடுக்கு பார்க்கிங்குக்கு நேராகவே ஒரு சாய்தளம் வருகிறது. உள்ளூர்ச் சாலையைத் தொடாமலே கார் உள்ளே போய்விடும். இது நன்றாக அமைந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், அங்கே சாதாரண பார்க்கிங் இலவசம். கட்டணச் சாவடி கிடையாது. உள்ளே ஒவ்வொரு இடத்துக்கு மேலும் பச்சை, சிவப்பு விளக்கு இருப்பதால் காலியிடம் தேடிச் சுற்றுவதும் குறைகிறது. சாவடி வைத்திருந்தால் அதே சாய்தளம் வழியாக வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டு, ஊருக்கே ஆபத்தாகியிருக்கும்.

அனஹைமும் இதே பாதையில்தான் போனது. 1990-களில் இன்டர்ஸ்டேட் 5 அகலமானது. டிஸ்னிலாந்து டிரைவ் பக்கமாக வெளியேற்றச் சாலைகள் வந்தன. 2000-ல் 10,000-க்கு மேற்பட்ட கார்கள் நிற்கும் மிக்கி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் அடுக்கு பார்க்கிங் திறந்தது. நெரிசல் என்று பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. யார் பணம் என்று பார்த்தால்தான் எனக்கு உறுத்துகிறது. ரிசார்ட் பகுதி மேம்பாட்டுக்காக நகரம் 1997-ல் 51 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. பார்க்கிங் கட்டடமும் அந்தப் பணத்தில் எழுந்ததுதான், ஆனால் அதன் வருமானம் டிஸ்னி நிறுவனத்துக்குப் போகிறது. கார்களை விரைவாக உள்ளே இழுக்கும் கட்டமைப்பு, அதை நடத்துபவருக்கு நேரடி வருமானம். அப்படியிருக்க, பொதுப் பணம் அதில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி.

பஸ் தடம்: என் ஓட்டு இதற்குத்தான்

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சிக்னல் உள்ள சாலையில் பாதி நேரம் பச்சை கிடைத்தால், ஒரு தடத்தில் மணிக்கு சுமார் 900 கார்கள் போகலாம். காருக்கு 3 பேர் என்றால் 2,700 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ், அதில் 60 பேர் என்றால் 3,600 பேர். இதில் அந்தத் தடம் முக்கால்வாசி நேரம் காலியாகவே கிடக்கும். பக்கத்துத் தடத்தில் காரில் காத்திருப்பவருக்கு அந்தக் காலி இடம்தான் எரிச்சலைத் தரும். ஆனால் அந்தக் காலி இடம் இருப்பதால்தான் பஸ் நேரத்துக்கு வருகிறது. நேரத்துக்கு வருவதால்தான் ஆட்கள் ஏறுகிறார்கள்.

தடம் மட்டும் போதாது, பஸ் எங்கே இறக்கிவிடுகிறது என்பதும் முக்கியம். இதில் மேஜிக் கிங்டத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1971-ல் திறந்தபோதே கார்களைப் பார்க்கிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். 12,000-க்கு மேற்பட்ட கார்களுக்கான அந்தத் திடலில் வண்டியை விட்டுவிட்டு, மோனோ ரயிலிலோ படகிலோதான் வாசலுக்கு வர வேண்டும். டிஸ்னி விடுதியிலிருந்து பஸ்ஸில் வருபவரோ வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடுவார். கார் வைத்திருப்பவரைத் தண்டிக்காமல், பஸ்ஸில் வருபவருக்கு நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். யாரும் பிரசாரம் செய்யாமலே குடும்பங்கள் பஸ்ஸில் ஏறுகின்றன.

அதனால்தான், விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விடுதிகளுக்கு இலவசமாக ஓடிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பஸ் 2022 தொடக்கத்தில் நின்றது எனக்கு வருத்தமான விஷயம். 2005-ல் தொடங்கிய சேவை அது. விமானத்திலிருந்து இறங்கியதும் கார் வாடகைக்கு எடுக்காமல் நேராக விடுதிக்குப் போய்விடலாம். வந்த முதல் மணி நேரத்தில் கார் எடுத்துவிட்டால், அந்த வாரம் முழுவதும் அந்தக் கார் சாலையில்தான் இருக்கும். பல மைல் சாலையை அகலப்படுத்தினாலும், அந்த முதல் முடிவைத் திருப்பிவிடுவது கஷ்டம்.

பக்கத்துப் போட்டியாளரான யுனிவர்சல் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது. 2025 மே 22-ல் திறந்த எபிக் யுனிவர்ஸ் பார்க்குக்காக கிர்க்மன் சாலையை நீட்டினார்கள். அதற்கு ஆர்லாண்டோ அடங்கிய ஆரஞ்சு கவுண்டி நிர்வாகம் 2019 டிசம்பரில் 12.5 கோடி டாலர் ஒதுக்கியது. சாலைத் திட்டத்திலேயே பஸ்ஸுக்கான தனித் தடங்களும் இருந்தன. பின்னால் கார் தடத்தைப் பிடுங்கி பஸ்ஸுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய சண்டையாகும் என்று யோசித்தால், முதலிலேயே ஒதுக்கியதன் அருமை புரியும்.

ரோப் காரும் மோனோ ரயிலும்

ஃபுளோரிடாவின் மோனோ ரயில் 1982-ல் எப்காட் என்ற இன்னொரு டிஸ்னி பார்க் வரை நீண்டது. அதற்குப் பிறகு நீளவே இல்லை. மிக அதிகச் செலவு. அதற்குப் பதிலாக 2019 செப்டம்பர் 29-ல் ஸ்கைலைனர் என்ற ரோப் கார் வந்தது. எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்கையும் நான்கைந்து விடுதிகளோடு இணைக்கிறது. கம்பம் நட சிறிது இடம் போதும், ஏரிக்கும் சாலைக்கும் மேலாகவே போய்விடும். கேபினுக்கு 10 பேர் வரை ஏறலாம், அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டும் வேகத்திலும் சாலைக்கு இடைஞ்சல் இல்லாததிலும் மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை.

ஆனால் மின்னல் அடித்தால் நிறுத்தியாக வேண்டும், நடு ஃபுளோரிடாவின் கோடைப் பிற்பகல்கள் இடியும் மின்னலுமாகவே இருக்கும். திறந்த ஒரே வாரத்தில், அக்டோபர் 5-ம் தேதி, எப்காட் வழியில் கேபின்கள் மோதிச் சிக்கி, பயணிகள் மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். சேவை மறுபடி ஓட 14-ம் தேதி ஆனது. ஆகவே ரோப் கார் இருந்தாலும் பஸ்களைத் தயாராக வைத்திருக்கத்தான் வேண்டும். பஸ்ஸுக்குத் துணையாக இது அருமை, பஸ்ஸுக்குப் பதிலாக இதை நம்ப முடியாது.

நடைபாதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020-ல் கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு ஒரு நடைபாதை திறந்தார்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றிலும் மலிவானது அதுதான். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நேராக நடந்து போய்விடலாம்.

ரயில்

கூட்டத்தைச் சுமக்கும் பலத்தில் ரயிலுக்கு நிகர் எதுவும் கிடையாது. பாரிஸ் டிஸ்னி 1992 ஏப்ரல் 12-ல் திறந்தது. அதன் வாசலிலேயே உள்ள ஆர்.இ.ஆர். (பாரிஸ் புறநகர் ரயில்) நிலையம் அதற்குப் 11 நாள் முன்பே, ஏப்ரல் 1-ல் திறந்துவிட்டது. பிரெஞ்சு அரசோடு 1987-ல் போட்ட ஒப்பந்தத்திலேயே ரயில் இணைப்பும் நெடுஞ்சாலை இணைப்பும் இருந்தன. 1994-ல் டி.ஜி.வி. அதிவேக ரயிலும் அங்கே நிற்கத் தொடங்கியது. ஹாங்காங்கில் 2005 செப்டம்பரில் பார்க் திறக்கும் முன், ஆகஸ்டிலேயே அதற்கென்று தனி மெட்ரோ கிளை ஓடத் தொடங்கியது. டோக்கியோவில் தாமதம் ஆனது. 1983 ஏப்ரலில் பார்க் திறந்தும் மைஹாமா ரயில் நிலையம் 1988 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை உராயாசு நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. அனஹைமில் 2014-ல் ஆர்டிக் என்ற அழகான பெரிய ரயில் நிலையம் திறந்தது. அதற்கும் டிஸ்னிலாந்துக்கும் ஏறத்தாழ 3 மைல். அந்த இடைவெளியை நிரப்பவிருந்த டிராம் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஃபுளோரிடாவில் பிரைட்லைன் ரயில் 2023 செப்டம்பர் 22 முதல் மயாமியிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் வரை ஓடுகிறது. டிஸ்னி ஸ்பிரிங்ஸில் ஒரு நிலையம் என்ற யோசனை 2022-லேயே கைவிடப்பட்டது. ரயிலில் வந்தவரும் கடைசியில் காரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. அனஹைமில் ஹார்பர் பூலவார்டு சாலைக்கு மேலே நடைபாலமும் கிழக்குப் பக்கம் பெரிய பார்க்கிங்கும் கட்ட 2016-ல் திட்டம் வந்தது. கூட்டம் தங்கள் வாசலைத் தொடாமல் தலைக்கு மேலேயே போய்விடும் என்று எதிரே இருந்த மோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். திட்டம் நின்றது. பாதுகாப்புக்கு அந்தப் பாலம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் பயமும் பொய்யில்லை. 2024 மே மாதம் நகரம் ஒப்புதல் தந்த புதிய விரிவாக்கத் திட்டத்தில் கிழக்குப் பக்கப் பார்க்கிங்கும் பாலமும் மறுபடி வந்திருக்கின்றன. இந்த முறை அவர்களையும் உட்காரவைத்துப் பேசியே பாலத்தின் வழியை முடிவு செய்ய வேண்டும்.

ஃபுளோரிடாவில் இந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அங்கே டிஸ்னி நிலத்துக்கென்றே 1967-ல் உருவான தனி மாவட்ட அமைப்பே சாலைகளில் பெரும் பகுதியைக் கட்டிப் பராமரித்தது. நினைத்த மாதிரி வேகமாகச் செய்ய முடிந்ததற்கு அது ஒரு காரணம். 2023-ல் அந்த அமைப்பின் பெயரும் நிர்வாகமும் மாறின, குழு உறுப்பினர்களை ஆளுநர் நியமித்தார். 2024 ஜூனில் டிஸ்னியோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டார்கள். இனி வரும் சாலைகளில் பஸ் தடம் எத்தனை மைல் இருக்கும் என்பதைத்தான் நான் அந்தத் திட்டங்களில் முதலில் தேடுவேன்.

என் கையில் பணம் இருந்தால், நடைமேம்பாலத்துக்கும் நடைபாதைக்கும் முதலில் கொடுப்பேன். அடுத்து பஸ் தடமும் வாசலிலேயே இறக்கும் பஸ் நிலையமும். சாவடி இல்லாத பார்க்கிங் என்றால் மட்டும் நேரடி மேம்பாலம். அகலப்படுத்துவதற்கு, பஸ் தடம் சேர்ந்து வந்தால்தான் கையெழுத்து. புதிய இடம் என்றால் இந்த வரிசையே மாறிவிடும், ரயில் முதலில் வர வேண்டும்.

அப்படி ஒரு புதிய இடம் இப்போது இருக்கிறது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு அருகே யுனிவர்சல் 2031-ல் பார்க் திறக்கப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. முதல் ஆண்டிலேயே 85 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். ஏ421 சாலையில் புதிய இணைப்புகளும், விக்சம்ஸ் ரயில் நிலையத்தைப் பெரிதாக்குவதும் திட்டத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. விக்சம்ஸில் முழு அளவில் ரயில் நிற்கும் நாள், பார்க் திறக்கும் நாளுக்குப் பாரிஸைப்போல் 11 நாள் முன்பு வருமா, டோக்கியோவைப்போல் ஐந்தரை ஆண்டு கழித்து வருமா என்பதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.