ஏ.பி.ஆர்.எஸ்.: காரிலும் வீட்டிலும் நீண்ட நாள் பயன்படுத்தியதில் கண்டவை

கலிஃபோர்னியாவில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற சில மாதங்களிலேயே இருப்பிடம், வானிலை, குறுஞ்செய்தி போன்ற சிறு தகவல்களை வானொலி அலைவழி பரிமாறும் ஏ.பி.ஆர்.எஸ். முறைக்கான கருவியைக் காரில் பொருத்தினேன், அலைவழி வரும் தகவல்களை இணையத்துக்கு ஏற்றிவிடும் ஐகேட் நிலையம் ஒன்றை வீட்டில் அமைத்தது அதற்குப் பிறகுதான். இதைப் பற்றிக் கேட்கும் நண்பர்கள் பலரும் இது வண்டியைக் கண்காணிக்கும் ஏற்பாடு என்றே நினைக்கிறார்கள். இம்முறையை உருவாக்கிய, அமெரிக்கக் கடற்படைக் கழகத்தைச் சேர்ந்த பாப் புரூனிங்கா, 2022-இல் மறையும்வரை அந்த எண்ணத்தைச் சலிக்காமல் மறுத்துவந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார், வானிலை எப்படி, பேச்சைப் பெற்று வலுவாக மறுஒலிபரப்பும் ரிப்பீட்டர்களில் எதில் பேசலாம் என்பதையெல்லாம் எல்லோரும் ஒரே அலைவரிசையில் உடனுக்குடன் அறிவதே அவருடைய நோக்கம். வெறும் கண்காணிப்புக்கென்றால் கைப்பேசியே போதும் என்பதுதான் என் கருத்தும்.

வட அமெரிக்கா முழுவதற்கும் 144.390 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான். வேகமோ நொடிக்கு 1200 பிட். நூறு பைட் கொண்ட ஒரு செய்தி, டிரான்ஸ்மிட்டர் எழுந்து நிலைகொள்ளும் நேரத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ ஒரு நொடி அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது. இடத்தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒப்புகையும் வராது. மலையின் இருபுறமும் ஓடும் இரண்டு கார்கள் ஒன்றையொன்று கேட்க இயலாமல் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால், உச்சியில் இரண்டையும் கேட்டு மறுபடி அனுப்பும் இடைநிலையமான டிஜிபீட்டருக்குப் பல வேளைகளில் ஒன்றுமே விளங்காது. ஆகவே, எவ்வளவு அடிக்கடி அனுப்புகிறோம் என்பதைவிட எவ்வளவு அடக்கமாக அனுப்புகிறோம் என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. வேகத்தையும் திருப்பங்களையும் பார்த்து இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ஸ்மார்ட் பீக்கனிங் இல்லாத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு செய்தியை எத்தனை டிஜிபீட்டர்கள் வழியாகத் தாவவிடலாம் என்று குறிக்கும் பாதை அமைப்பில், ஓடும் வண்டிக்கு வைட்1-1, வைட்2-1 என்ற இரண்டு தாவல்கள் போதும். அதற்கு மேல் தாவல்களை அமைப்பவர்கள், தங்களைப் பற்றி அறிய வேண்டிய தேவையே இல்லாத ஊர்களின் அலைவரிசையையும் நிரப்புகிறார்கள்.

ஆன்டெனாவைப் பொறுத்தவரை சமரசம் வேண்டாம். 5 வாட் கைக்கருவியை அதன் குட்டி ஆன்டெனாவோடு காருக்குள் வைத்து ஓட்டினால் வரைபடத்தில் தடம் விட்டுவிட்டுத்தான் விழும். கூரைமேல் அரை மீட்டர் நீளமுள்ள, அலைநீளத்தில் கால் பங்கான ஆன்டெனாவையும் 50 வாட் வண்டிக் கருவியையும் வைத்த பின், கைப்பேசிக்குச் சிக்னலே எட்டாத சியரா நெவாடா மலைச்சாலைகளிலும் தடம் பெரும்பாலும் தொடர்ந்து வந்தது.

வீட்டு நிலையத்துக்குச் செலவு மிகக் குறைவு: ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி ஒன்று, வானொலி அலைகளைக் கணினிக்குத் தரும் மலிவான எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்று, ஒலியாக வரும் சிக்னலைச் செய்தியாக மாற்றும், இலவசமாகக் கிடைக்கும் டைர்வுல்ஃப் மென்பொருள், அவ்வளவே. சாதாரண வானொலிப் பெட்டியை இணைப்பவர்கள் ஒலி அளவைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் டைர்வுல்ஃப் ஒலி அளவைக் காட்டுகிறது. அது 50-ஐ ஒட்டியிருந்தால் நல்லது. ஆனால் கேட்பதோடு நின்றுவிடும் ஐகேட் ஒருவழிப் பாதையே. இணையத்திலிருந்து ஒருவர் அனுப்பும் குறுஞ்செய்தி மலைச்சாலையில் இருப்பவரை அடைய, இணையத்தில் வந்ததை அலைவரிசையில் அனுப்பும் நிலையம் ஒன்று அவருக்கு அருகில் இருந்தாக வேண்டும். இந்தக் குறையே என்னை இருவழி நிலையத்துக்கு மாறவைத்தது; ஏ.பி.ஆர்.எஸ். குறுஞ்செய்தியின் அருமையும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அனுப்புவது அனைத்தும், உரிமத்தோடு தரப்படும் அடையாளமான அழைப்புக்குறியோடு ஏ.பி.ஆர்.எஸ்.டாட்எஃப்.ஐ. போன்ற வரைபடங்களில் எவர் கண்ணுக்கும் தெரியும், பழைய தடங்களும் அங்கே சேமிக்கப்படுகின்றன. அமெச்சூர் அலைகளில் மறைகுறியாக்கத்துக்கும் இடமில்லை. இதைக் குடும்பத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டு நிலையத்தின் ஆயத்தொலைவில் கடைசி இலக்கங்களை வெற்றிடமாக விட்டுத் துல்லியத்தைக் குறைக்க இம்முறையிலேயே வழியுண்டு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். காரில் இருப்பதை வீட்டுத் தெருவுக்குள் நுழையும் முன்பே அணைத்துவிடுகிறேன்.