பழுதான கமடோர் 64-ஆ, ஸ்பெக்ட்ரம் 48கே-யா?

பிரிட்டன் ஈபேயில் இந்தப் பழைய வீட்டுக் கணினிகள் இரண்டுமே ‘சோதிக்கவில்லை, உதிரிபாகத்துக்கு மட்டும்’ என்றுதான் விற்பனைக்கு வரும். இரண்டும் 1982-ல் அறிமுகமானவை. வாங்குமுன் பழுதை எவ்வளவு கணிக்கலாம் என்பதில்தான் வித்தியாசம்.

ஸ்பெக்ட்ரம் தன் நோயைத் திரையிலேயே காட்டிவிடும். கோடுகளோ கட்டங்களோ ஆடாமல் நின்றால் திரைப் படத்தை உருவாக்கும் ஃபெராண்டி யு.எல்.ஏ. சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது, முதல் சந்தேகம் கீழ் 16கே ராம் (நினைவகத்தின் முதல் பகுதி) மீது. அங்குள்ள எட்டு 4116 சிப்புகளுக்கும் +5, +12, −5 என மூன்று வோல்டேஜும் வேண்டும். டிஆர்4, டிஆர்5 டிரான்சிஸ்டர்கள் இருக்கும் பகுதி கெட்டு, −5 இல்லாமல் +12 மட்டும் வந்தால் சிப்புகள் சாகும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது சிப் போட்டால் அதுவும் காலி. எனவே முதலில் சிப்பின் 1-ஆம் காலில் −5, 8-ல் +12, 9-ல் +5 இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சாவிகளுக்கு அடியிலுள்ள மெம்பிரேன் தாள் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

கமடோரில் பி.எல்.ஏ. (மற்ற சிப்புகளை ஒருங்கிணைப்பது), ராம், விக் (படச் சிப்), சிபியு என எது போனாலும் வருவது பெரும்பாலும் கறுப்புத் திரைதான். ‘விளக்கு எரிகிறது’ என்று விற்பவர் எழுதினால், 5 வோல்ட் லைனில் மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பிசின் ஊற்றி அடைத்த பழைய அடாப்டரில் ரெகுலேட்டர் கெட்டால் அந்த வோல்டேஜ் எகிறும். ராம் சிப்புகள் முதல் பலி. கூட வரும் அடாப்டரைச் செருகாதீர்கள். இன்று 5.1 காட்டினாலும் நாளை ஏறலாம் என்பதால் புதிய அடாப்டருக்கான காசையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மூடி திறந்த படம் இல்லாத கமடோருக்கு ஏலம் கேட்கவே கூடாது. பழைய நீள போர்டில் யு18 சாக்கெட் காலியாக இருந்தால் சிட் ஒலிச் சிப்பை யாரோ கழற்றிவிட்டார்கள். அது இப்போது தயாரிப்பில் இல்லை. பலர் ஏலம் கேட்பதே அந்தச் சிப்புக்காகத்தான். படத்தில் சிட், விக், பி.எல்.ஏ. மூன்றும் தெரிந்தால் துணிந்து இறங்கலாம். ஆனால் சாலிடரிங் பழகும் கைக்கு ஸ்பெக்ட்ரமே தோது: சிப்புகள் குறைவு, பழுதும் சீக்கிரம் பிடிபடும்.

 

ஸ்பெக்ட்ரத்திலும் ஒரு பொறி உண்டு. ‘வேறு அடாப்டர் போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை’ என்று விற்பவர் எழுதியிருந்தால் உஷார். அதன் 9 வோல்ட் பிளக்கில் நடுமுனை நெகட்டிவ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், அதைச் செருகியதிலேயே உள்ளே கெட்டிருக்கலாம்.