டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட்: யாருக்கு ஏற்றது?

உதிரிபாகக் கடையில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கேட்டால், வண்டி எது என்று கேட்பதற்கு முன்பே "பச்சையா, சிவப்பா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கூலன்ட்டின் நிறம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம் மட்டுமே. எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் நிற விதி எதுவும் இல்லை. டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் கூலன்ட் இளஞ்சிவப்பு நிறத்தில் வருகிறது என்பதற்காக, அந்த நிறத்தில் கிடைக்கும் எதையும் இன்னோவாவில் ஊற்றிவிட முடியாது.

டொயோட்டாவின் இந்தக் கூலன்ட்டில், உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைகாலுடன், அரிப்பைத் தடுக்கக் கரிம அமிலங்களும் பாஸ்பேட்டும் உள்ளன; அதே வேலைக்குப் பிறர் சேர்க்கும் சிலிக்கேட் இல்லை. வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்த்துவிடும் என்று ஜப்பானிய நிறுவனங்கள் சிலிக்கேட்டை ஒதுக்கின. கடின நீரோடு சேர்ந்தால் உப்புப் படியும் என்று ஐரோப்பிய நிறுவனங்கள் பல பாஸ்பேட்டை ஒதுக்கின. ஆகவே ஃபோக்ஸ்வேகனுக்கென்று செய்த விலையுயர்ந்த கூலன்ட் டொயோட்டாவுக்கு இன்னும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

ஐரோப்பியர்களின் அந்த அச்சம் நம் ஊருக்கு நன்றாகவே பொருந்தும். தண்ணீர் கலக்காத அடர் கூலன்ட்டை வாங்கிக் கொடுத்தால், பல பட்டறைகளில் கைக்கு எட்டும் போர் தண்ணீரைத்தான் கலக்கிறார்கள். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிந்தால், அதன்பின் எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றியும் வெப்பம் வெளியேறாது. டொயோட்டாவின் கூலன்ட், அயனி நீக்கிய, அதாவது கரைந்த உப்புகளை அகற்றிய, நீரைச் சரிபாதி சேர்த்து, அப்படியே ஊற்றும் நிலையில் வருவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பாதி டப்பா தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்ற குறை நியாயமானதே. இருந்தும் இதை வாங்க அந்தத் தண்ணீர்தான் முதல் காரணம் என்பேன்.

சரிபாதிக் கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது லடாக் செல்பவர்களுக்குப் பயன்படலாம். சமவெளியில் நமக்கு வேண்டியது கொதிநிலை: சாதாரண அழுத்தத்தில் அது சுமார் 107 டிகிரி; ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்தில் 120 டிகிரிக்கும் மேல். கிளைகாலைக் கூட்டினால் எஞ்சின் இன்னும் குளிரும் என்று நினைப்பது தவறு; வெப்பத்தைச் சுமப்பதில் கிளைகாலைவிடத் தண்ணீரே சிறந்தது.

முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டரில், அடுத்தடுத்தவை 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது டொயோட்டா பொதுவாகச் சொல்லும் கணக்கு. இவ்வளவு நீண்ட இடைவெளி, பானெட்டைத் திறந்தே பார்க்காத பழக்கத்தையும் வளர்க்கிறது. ரிசர்வ் டேங்கில் அளவு குறைகிறதா என்று பார்ப்பதை இது மிச்சப்படுத்தாது. நடுவில் பச்சைக் கூலன்ட்டைக் கொஞ்சம் ஊற்றி நிரப்பினாலும் அந்த நீண்ட ஆயுளை நம்ப முடியாது.

பழைய பச்சைக் கூலன்ட் ஓடும் வண்டியில், முழுதாக வடித்துக் கழுவ மனமில்லாதவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம். வடிப்பவர்கள், எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதால், பழையதைச் சாக்கடையில் விடாமல் மூடிய கேனில் பிடித்து, நாயும் குழந்தையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.